மென்பொருள்: வாங்குவதா, வாடகைக்கு எடுப்பதா?

கடன் வரம்பைப் புதுப்பிக்க வணிகர்கள் நம்மிடம் அளிக்கும் கணக்கு அறிக்கைகளில், முன்பு அரிதாகவே காணப்பட்ட ஒரு செலவினம் இன்று அடிக்கடி இடம்பெறுகிறது. ‘மென்பொருள் சந்தா’ என்பதே அது. தொகை சிறியது, மாதந்தோறும் தானாகவே கழிந்துவிடுவது. ஆகவே வாடகைக்கும் சரக்குக் கூலிக்கும் பேரம் பேசும் வணிகர்கூட இதனைக் கேள்வியின்றிச் செலுத்தி வருகிறார். இது சரியன்று என்பது நம் கருத்து.

மென்பொருளுக்கு விலை கொடுக்கும் முறைகள் மூன்று. ஒரே தவணையில் பணம் செலுத்தி நிரந்தர உரிமம் பெறுவது முதலாவது. மாத அல்லது ஆண்டுச் சந்தா கட்டுவது இரண்டாவது. பயன்படுத்திய அளவுக்கு மட்டும் செலுத்துவது மூன்றாவது. சொந்த வீடு, வாடகை வீடு, விடுதி அறை என இவற்றை ஒப்பிடலாம். அடோபி நிறுவனம் 2013ஆம் ஆண்டில் தன் வடிவமைப்பு மென்பொருள்களின் புதிய பதிப்புகளைச் சந்தா வழியாக மட்டுமே வழங்கத் தொடங்கியது. அதன்பின் பல நிறுவனங்கள் அவ்வழியே சென்றன. எனவே எல்லா இடங்களிலும் தேர்வு நம் கையில் இல்லை. இருக்கும் இடத்திலாவது கணக்கிட்டுத் தேர்வது நன்று.

ஓர் எடுத்துக்காட்டைக் கொள்வோம். நிரந்தர உரிமத்தின் விலை 24,000 ரூபாய். இரண்டாம் ஆண்டு முதல் பராமரிப்புக் கட்டணம் ஆண்டுக்கு 4,800 ரூபாய். அதே மென்பொருளின் சந்தா மாதம் 1,000 ரூபாய். மூன்றாண்டு முடிவில் உரிமத்துக்கு 33,600 ரூபாயும் சந்தாவுக்கு 36,000 ரூபாயும் செலவாகியிருக்கும். உரிமமே மலிவு எனத் தோன்றும். ஆனால் அத்தொகையை 11 விழுக்காடு வட்டியில் ரொக்கக் கடன் கணக்கிலிருந்து எடுத்திருந்தால், வட்டி அந்த 2,400 ரூபாய் ஆதாயத்தை விழுங்கிவிடும். உரிமம் மலிவாவது நான்காம் ஆண்டில்தான். ஆகவே நான்கு ஆண்டுகளுக்கு மேல் மாறாமல் பயன்படுத்துவோம் என்ற உறுதி உள்ளவருக்கே உரிமம் ஏற்றது.

வரி நோக்கிலும் வேறுபாடு உண்டு. சந்தாத் தொகை பொதுவாக அந்த ஆண்டின் வணிகச் செலவாகவே கழிக்கப்படுகிறது. நிரந்தர உரிமம் மூலதனச் சொத்தாகக் கருதப்பட்டு, 40 விழுக்காடு தேய்மானம் பெறுகிறது. செலுத்திய ஜிஎஸ்டியையும் சேர்த்துத் தேய்மானம் கோரினால், அவ்வரிக்கு உள்ளீட்டு வரி வரவு கிடைக்காது. வெளிநாட்டு நிறுவனத்திடம் நேரடியாகச் சந்தா செலுத்தும் பதிவுபெற்ற வணிகர், ரிவர்ஸ் சார்ஜ் முறையில் வரியைத் தாமே கட்ட வேண்டும் என்பதும் பலர் மறக்கும் செய்தி.

ஆயினும் விலையைவிட முதன்மையான கேள்வி ஒன்று உண்டு: கட்டணம் நின்றுபோனால் நம் கணக்கேடுகள் என்னவாகும்? உரிமம் பெற்ற மென்பொருள் நம் கணினியிலேயே இருக்கும். பழைய பதிவுகளைத் திறந்து பார்க்கலாம். சந்தாவில் அவ்வுறுதி இல்லை. நிறுவனச் சட்டம் கம்பெனிகளின் கணக்கேடுகளை எட்டு நிதியாண்டுகள் பாதுகாக்கப் பணிக்கிறது. தொழில் தளர்ந்து சந்தா கட்ட இயலாத மாதத்திலும் அக்கடமை தளர்வதில்லை. அத்தகைய மாதத்தில்தான் வங்கியும் கணக்கைக் கேட்கும். ஆகவே தரவுகளை முழுமையாகப் பதிவிறக்கம் செய்யும் வசதி உண்டா என்பதை ஒப்பந்தத்திலேயே பார்த்துக்கொள்ள வேண்டும். மாதம் ஒருமுறை பிரதி எடுத்தும் வைக்க வேண்டும்.

இதனால் சந்தாவை நாம் வெறுக்க வேண்டியதில்லை. 2023 ஏப்ரல் 1 முதல் கம்பெனிகள், ஒவ்வொரு திருத்தத்தையும் தேதியுடன் பதிவுசெய்யும் கணக்கு மென்பொருளையே பயன்படுத்த வேண்டும் என்ற விதி நடைமுறைக்கு வந்தது. பராமரிப்பைப் புதுப்பிக்காமல் பழைய உரிமத்தையே வைத்திருந்தோர் அன்று திண்டாடினர். சட்ட மாற்றத்தோடு தானும் மாறும் மென்பொருளுக்குச் சந்தா தகும். பயன்பாட்டுக்கேற்ற கட்டணமோ பருவ வணிகத்துக்குப் பொருந்தும். லூதியானாவின் கம்பளி ஆடை வணிகர் குளிர்காலத்தில் மட்டும் கூடுதல் சர்வர் திறனுக்குச் செலவிட்டால் போதும். ஆனால் உச்சவரம்பு குறிக்காவிட்டால், நல்ல வியாபாரம் நடந்த மாதத்தின் பட்டியலே அதிர்ச்சி தரக்கூடும்.

தானியங்கிக் கழிப்பைப் பொறுத்தவரை ரிசர்வ் வங்கியின் விதிகள் வாடிக்கையாளருக்குத் துணை நிற்கின்றன. அட்டை, யுபிஐ வழியான தொடர் கட்டணங்களுக்குப் பணம் கழியும் முன், குறைந்தது 24 மணி நேரம் முன்னதாக அறிவிப்பு வர வேண்டும். அந்தக் கழிப்பை மறுக்கவும் ஒப்புதலையே விலக்கிக்கொள்ளவும் உரிமை உண்டு. அந்தக் குறுஞ்செய்தியைப் படிக்காமல் தள்ளிவிடுவதுதான் நம் குறை.

அன்றாடம் மாறாத பணிக்கு உரிமம், சட்டத்தோடு மாறும் பணிக்குச் சந்தா, ஏறி இறங்கும் பணிக்குப் பயன்பாட்டுக் கட்டணம் என்பதே நம் பரிந்துரை. இவ்வாண்டுக் கணக்கை முடிக்கும் முன், கழிந்துகொண்டிருக்கும் சந்தாக்களை ஒரு தாளில் எழுதி, ஒவ்வொன்றையும் கடைசியாகப் பயன்படுத்திய நாளையும் எதிரே குறியுங்கள். நாள் நினைவுக்கு வராதவற்றை நிறுத்திவிடலாம்.