மரச் சட்டமும் மில்லிமீட்டர் கணக்கும்

யந்திரம் என்ற சொல்லைக் கேட்டதும் இரும்பும் எஃகும் எண்ணெய்ப் பிசுக்குந்தான் நம் நினைவுக்கு வருகின்றன. மரத்தைக் குடைவதற்கு மரத்தினாலேயே ஒரு யந்திரம் செய்யலாம், அதையும் வீட்டுக் கொல்லைப்புறத்துக் கொட்டகையிலேயே செய்யலாம் என்றால், "இதென்ன கதை!" என்று நேயர்கள் புன்னகை செய்யக்கூடும். ஆயினும் உலகத்தின் பல பாகங்களிலும் கைவேலையில் பிரியமுள்ளவர்கள் ஓய்வு நேரத்தில் இதைச் செய்து வருகிறார்கள். ஸி.என்.ஸி. ரௌட்டர் என்பது இதன் பெயர். கம்ப்யூட்டரின் கட்டளைப்படி தானே நகர்ந்து பலகையில் சித்திரம் குடையும் உளி என்று இதைச் சொல்லலாம்.

இந்த யோசனை பிறந்த இடம் அமெரிக்கா. ஹெலிகாப்டர் இறக்கைகளின் வளைவைத் துல்லியமாய் அமைக்க வேண்டும் என்று மிச்சிகன் மாகாணத்து ஜான் பார்ஸன்ஸ் வழி தேடினார். அம்முயற்சியின் பயனாக, மாஸசூஸெட்ஸ் தொழில்நுட்பக் கலாசாலையில் 1952-ம் வருஷம், துளையிட்ட நாடாவிலுள்ள எண்களைக் கொண்டு இயங்கும் யந்திரம் ஒன்றை இயக்கிக் காட்டினார்கள். அதன் மூளை, வெற்றிடக் குழாய்கள் நிறைந்த அலமாரியாய் இருந்தது. அந்த வேலையை இன்று உள்ளங்கையளவு உள்ள ஆர்டுயினோ பலகை செய்து விடுகிறது. இப்பலகை 2005-ம் வருஷம் இத்தாலியின் இவ்ரேயா நகரில் தோன்றியது. இதில் ஓடி யந்திரத்தை நடத்தும் 'ஜி.ஆர்.பி.எல்.' என்னும் நிரலை, நார்வே தேசத்து ஸிமென் ஸ்வாலே ஸ்கோக்ஸ்ருட் 2009-ம் வருஷம் எழுதி, எவரும் இலவசமாய் உபயோகிக்கும்படி விட்டார். பெரிய தொழிற்சாலையின் சொத்தாயிருந்த வித்தை வீட்டுக்குள் வந்தது இப்படித்தான்.

யந்திரத்தின் அமைப்பு மிகவும் எளிது. கீழே ஒரு மேஜை; அதன் மேல் முன்னும் பின்னும் நகரும் ஒரு தோரணம்; தோரணத்தில் இடமும் வலமும் நகரும் ஒரு வண்டி; வண்டியில் மேலும் கீழும் ஏறி இறங்கும், வெட்டுக் கத்தி பூட்டிய ரௌட்டர். ஒவ்வொரு திசைக்கும் ஒரு திருகுத் தண்டு. அதைத் திருப்ப ஒரு ஸ்டெப்பர் மோட்டார். இந்த மோட்டார் சாதாரண மோட்டாரைப் போல் ஓடுவதில்லை. அடியெடுத்து வைத்து நடக்கிறது. ஒரு சுற்றுக்கு 200 அடிகள். ஒவ்வோர் அடியையும் எட்டாகப் பகுத்தால் 1,600. ஒரு சுற்றுக்கு 8 மில்லிமீட்டர் நகர்த்தும் திருகுத் தண்டானால், ஒரு மில்லிமீட்டருக்கு 200 அடிகள் என்று கணக்கு வருகிறது.

கணக்கு இவ்வளவு நுட்பமாயிருக்க, மரம் அதற்கு ஈடு கொடுக்குமா என்பதே கேள்வி. மழைக்காலத்தில் கதவு நிலையோடு இறுகிக் கொள்வதை எல்லோரும் பார்த்திருக்கிறோம். மரம் ஈரத்தைக் குடித்து உப்பும், காய்ந்தால் சுருங்கும். ஆனால் இதில் ஒரு முக்கியமான விவரம் உண்டு. நார் ஓடும் திசையில் மரம் அநேகமாய் நீளுவதில்லை, குறுக்கேதான் அகலுகிறது. ஒட்டுப் பலகையில் ஒரு தகட்டின் நார் அடுத்த தகட்டின் நாருக்குக் குறுக்கே கிடப்பதால், ஒன்றை ஒன்று பிடித்து நிறுத்துகிறது. ஆகையால் யந்திரத்தின் சட்டத்திற்கு நல்ல ஒட்டுப் பலகையே உத்தமம். எம்.டி.எப். பலகை மட்டமாயிருக்கும்; விலையும் சகாயம்; ஆனால் தண்ணீர் பட்டால் உப்பி விடும். எந்தப் பலகையானாலும் எல்லாப் பக்கங்களிலும், முக்கியமாய் வெட்டிய ஓரங்களில், வார்னிஷ் பூச வேண்டும்.

இனி யந்திரத்தைச் சீர்படுத்தும் கட்டத்துக்கு வருவோம். பூட்டி முடித்த அன்றே மின்சாரத்தைப் போட்டு நல்ல பலகையொன்றை அதன் வாயில் கொடுக்க ஆசை வரும். அந்த ஆசையை அடக்குவதில்தான் யந்திரத்தின் பாக்கியம் இருக்கிறது. சீர்படுத்துவதற்கு ஒரு வரிசை உண்டு. அதை மாற்றினால் செய்த வேலையையே திரும்பச் செய்ய நேரும்.

முதலாவது, மூலைமட்டம். 300-க்கு 400 மில்லிமீட்டர் அளவுள்ள செவ்வகத்தின் நான்கு மூலைகளிலும் துளையிடும்படி யந்திரத்துக்குக் கட்டளையிடுங்கள். பிறகு இரு மூலைவிட்டங்களையும் அளந்து பாருங்கள். இரண்டும் 500 இருக்க வேண்டும். ஒன்று 501, மற்றது 499 என்றால் தோரணம் கோணியிருக்கிறது. 400 மில்லிமீட்டர் தூரத்தில் சுமார் 1.7 மில்லிமீட்டர் சாய்வு. தோரணத்தின் ஒரு காலைத் தளர்த்தி நகர்த்தி மீண்டும் அளக்க வேண்டும்.

இரண்டாவது, ஆட்டம். திருகுத் தண்டுக்கும் அதன்மேல் ஓடும் நட்டுக்கும் நடுவில் இடைவெளி இருந்தால், திசை மாறும்போது மோட்டார் திரும்பியும் வண்டி சற்று நேரம் சும்மா நிற்கும். வட்டம் வெட்டச் சொன்னால் நசுங்கிய வட்டம் கிடைக்கும். ஒரு டயல் கேஜை வண்டியின்மேல் சாய்த்து வைத்து, பத்து மில்லிமீட்டர் போய்த் திரும்பச் சொன்னால், முள் பழைய இடத்துக்கு வருகிறதா என்பது தெரிந்து விடும். ஸ்பிரிங் வைத்த இரட்டை நட்டு இதற்கு மருந்து.

மூன்றாவது, அடிக்கணக்கு. இதை ஆட்டம் நீங்கிய பிறகே பார்க்க வேண்டும். இல்லாவிட்டால் ஆட்டத்தையும் சேர்த்து அளந்து ஏமாந்து போவோம். 300 மில்லிமீட்டர் நகரச் சொல்லி, 299.4 நகர்ந்தால், 200-ஐ 300-ஆல் பெருக்கி 299.4-ஆல் வகுக்க வேண்டும். 200.4 என்று வரும். அதுவே புதிய எண். குறுகிய தூரத்தில் அளக்கக் கூடாது. அளவுகோலைப் படிப்பதில் அரை மில்லிமீட்டர் பிசகினால், 50-ல் அது நூற்றுக்கு ஒன்று. 300-ல் அதில் ஆறில் ஒரு பங்குதான்.

நான்காவது, கத்தி மேஜைக்குச் செங்குத்தாய் நிற்கிறதா என்பது. மின்சாரத் தொடர்பை எடுத்துவிட்டு, கத்திக்குப் பதிலாக வளைத்த கம்பி ஒன்றைப் பூட்டிக் கையால் சுற்றுங்கள். கம்பியின் முனை மேஜையை எல்லா இடங்களிலும் ஒரே மாதிரி தொட வேண்டும். 200 மில்லிமீட்டர் அகல வட்டத்தில் ஒரு மில்லிமீட்டர் வித்தியாசம் இருந்தால், 25 மில்லிமீட்டர் கத்தி ஒவ்வொரு வரிசையிலும் எட்டில் ஒரு மில்லிமீட்டர் படி வைக்கும். தடவினால் விரலுக்குத் தெரியும். இதைச் சரி செய்ய விலையுயர்ந்த கருவி எதுவும் வேண்டாம். எழுதும் காகிதம் ஒன்று ஏறக்குறைய 0.1 மில்லிமீட்டர் தடிமன். தேவையான துண்டுகளை ரௌட்டரின் முதுகில் செருகினால் போதும்.

வேகத்துக்கும் கணக்கு உண்டு. நிமிஷத்துக்கு 10,000 சுற்று, இரண்டு வாய்கள், வாய் ஒன்றுக்கு 0.1 மில்லிமீட்டர் சீவல் என்றால், நிமிஷத்துக்கு 2,000 மில்லிமீட்டர் நகர வேண்டும். பயந்துகொண்டு மெல்ல நகர்த்தினால் கத்தி சீவுவதற்குப் பதில் தேய்க்கும். மரம் கருகும், கத்தியும் மழுங்கும். மரச் சட்டம் அதிராமலிருக்க, வேகத்தைக் குறைப்பதை விட ஆழத்தைக் குறைப்பதே சரி. எஃகை வெட்ட இந்த யந்திரத்தை ஏவக் கூடாது. மரமும் பிளாஸ்டிக்கும் இதற்கு உரியவை. பொறுமையுள்ளவர்களுக்கு மெல்லிய அலுமினியமும் வசப்படும்.

குழந்தைகள் உள்ள வீட்டார் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. மரத்தூளைப் புற்றுநோய் உண்டாக்கும் பொருள் என்று உலக சுகாதார ஸ்தாபனத்தின் புற்றுநோய் ஆராய்ச்சிக் கிளை 1995-ம் வருஷத்திலேயே தீர்மானித்து விட்டது. ஆகவே தூளை உறிஞ்சும் குழாய், மூக்குக்குத் தகுந்த முகமூடி, கண்ணுக்குக் கண்ணாடி, காதுக்கு அடைப்பு ஆகிய யாவும் செலவுக் கணக்கில் முதலிலேயே சேர வேண்டும். அவசரத்தில் நிறுத்தும் சிவப்புப் பொத்தான் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கட்டும். சுழலும் கத்தியின் அருகே கையுறை ஆகாது. அது கையையும் சேர்த்து இழுத்து விடும்.

யந்திரம் வந்தால் தச்சரின் சாமர்த்தியம் போய்விடும் என்று வருத்தப்படுகிறவர்கள் உண்டு. மேலே கண்ட வேலைகளைச் சற்று எண்ணிப் பாருங்கள். மூலைமட்டம் பார்ப்பது, நார் ஓடும் திசையை அறிவது, காகிதத் தடிமன் அளவுக்குக் கோணலைக் கண்டுபிடிப்பது எல்லாம் தச்சர் நெடுங்காலமாய்ச் செய்து வருபவைதாம். யந்திரத்துக்குத் தவறான அளவைக் கொடுத்தால் அந்தத் தவறையும் அது அலுக்காமல் நூறு முறை வெட்டித் தரும். அதைத் தடுக்கும் கண் நம்முடையதாய் இருந்தாக வேண்டும். இப்படிச் சீர்படுத்திய மர யந்திரத்தைக் கொண்டே, அதைவிட உறுதியான அடுத்த யந்திரத்தின் பாகங்களை வெட்டிக் கொள்கிறவர்கள் அநேகர். ஆகையால் இரும்பு யந்திரம் வாங்கப் பணம் சேரட்டும் என்று காத்திருப்பவர்கள், அதற்குள் ஒரு மூலைமட்டமும் நல்ல ஒட்டுப் பலகையும் வாங்கிக் காரியத்தைத் தொடங்கலாம்.