ஓசையின் காரணம் அறிவோம்

ஜப்பானின் மாஸ்டா நிறுவனம் 1989-இல் அறிமுகப்படுத்திய எம்.எக்ஸ்-5 ஸ்போர்ட்ஸ் காரை இன்றும் பலர் பேணி வருகின்றனர். அதன் நான்கு சக்கரங்களிலும் டிஸ்க் பிரேக்குகளே உள்ளன. வயதேறிய இவ்வண்டியில் பிரேக் சத்தமிட்டதும் பேடுகளை மாற்றிவிடுவோர் உண்டு. அது நோயறியாமல் மருந்தளிப்பதாகும்.

ஓசையை முதலில் வகை பிரித்தறிய வேண்டும். காலையில் ஓரிருமுறை பிரேக்கை மிதித்ததும் மறைந்துவிடும் உராய்வொலிக்கு, இரவில் டிஸ்கில் படிந்த மெல்லிய துருவே காரணம், அஞ்ச வேண்டியதில்லை. மிதிக்கும்போதெல்லாம் 'கிரீச்' என ஒலித்தால் பேடு அதிர்கிறது என்று பொருள். பேடின் முதுகிலுள்ள தகடு தளர்ந்துள்ளதா, அங்கே இடும் பிரேக் கிரீஸ் உலர்ந்துள்ளதா எனப் பார்க்க வேண்டும். பேடின் உராயும் முகத்தில் கிரீஸ் படவே கூடாது.

மிதிக்காதபோதும் ஒலி தொடர்ந்தால், காலிப்பரை நகரவிடும் ஸ்லைடு பின்கள் இறுகியிருக்கலாம். ஓடி நின்றபின் ஒரு சக்கரம் மட்டும் மிகச் சூடாயிருப்பதும், ஒரு பேடு தன் இணையைவிட மிகுதியாகத் தேய்ந்திருப்பதும் அதன் அடையாளங்கள். பின்களைச் சீர்செய்யாமல் பொருத்தப்படும் புதிய பேடும் அவ்வாறே விரைவில் தேயும்.

'கரகர'வென இரும்போடு இரும்பு உரசுமாயின் பேடு முற்றும் தேய்ந்துவிட்டது. அந்நிலையில் வண்டியை ஓட்டுவது உயிரோடு விளையாடுவதாகும்.

இன்னுமொரு எச்சரிக்கை: பழைய பேடுகளில் கல்நார் கலந்திருக்கக் கூடும். நுரையீரலுக்குக் கேடு விளைவிக்கும் அத்தூசியை ஊதாமல், ஈரத்துணியால் துடைத்தெடுப்பதே நலம்.