வேரையும் பார்த்து ரகம் தேர்வு செய்வோம்

புதிய நெல் ரகத்தின் துண்டறிக்கையை எடுத்துப் பாருங்கள். வயது, உயரம், தூர்களின் எண்ணிக்கை, மகசூல், பூச்சி நோய்த் தாங்கும் திறன் எல்லாம் இருக்கும். வேர் எவ்வளவு ஆழம் போகும், எந்தக் கோணத்தில் இறங்கும் என்பது பெரும்பாலும் இருக்காது. மழை தவறும் ஆண்டில் பயிரைத் தாங்கி நிற்பது வேர்தான்.

வேர் வளர்வது அதன் நுனியில். வேர்மூடிக்குச் சற்றுப் பின்னால் உள்ள சிறு பகுதியில் செல்கள் பிரிந்து பெருகுகின்றன. அடுத்த பகுதியில் அவை நீண்டு, நுனியை மண்ணுக்குள் தள்ளுகின்றன. செல் பிரிதலை முடுக்கிவிடும் புரதங்களில் ஒன்று சைக்ளின். கடுகுக் குடும்பத்தைச் சேர்ந்த அராபிடாப்சிஸ் செடியில் ஒரு சைக்ளின் மரபணுவைக் கூடுதலாக இயங்க வைத்தபோது வேர் வேகமாக வளர்ந்ததாக 1996-ல் வெளியான ஆய்வு காட்டியது. ஆனால் பக்க வேர்கள் அமையும் ஒழுங்கு மாறவில்லை. செல் பிரியும் வேகம் வேரின் நீளத்தைக் கூட்டுகிறது. வேரின் வடிவத்தையும் திசையையும் தீர்மானிப்பதில் வேறு மரபணுக்களுக்கும் பங்கு உண்டு.

அவற்றில் ஒன்று நெல்லில் உள்ள டிஆர்ஓ1. இதை ஜப்பான் விஞ்ஞானிகள் 2013-ல் விளக்கினர். சாய்ந்த வேரின் கீழ்ப்பக்கம் ஆக்சின் சேரும்போது அங்குள்ள செல்கள் குறைவாகவும் மேல்பக்கச் செல்கள் அதிகமாகவும் நீள்கின்றன. அதனால் நுனி கீழ்நோக்கி வளைகிறது. இந்த வளைவை டிஆர்ஓ1 கூட்டுகிறது. நமக்குப் பழக்கமான ஐ.ஆர்.64 ரகத்தில் இந்த மரபணுவின் ஓர் எழுத்து விடுபட்டிருப்பதால் அதன் புரதம் முழுமை பெறுவதில்லை. வேர் மேலாகவே பரவுகிறது. பிலிப்பைன்ஸ் நாட்டின் மேட்டுநில ரகமான கினான்டாங் படோங்கில் இருந்து முழுமையான மரபணுவை, வழக்கமான ஒட்டுச்சேர்க்கை மூலமே ஐ.ஆர்.64-க்குக் கொண்டுவந்தனர். வறட்சியில் அந்தப் பயிர் ஐ.ஆர்.64-ஐ விடக் கூடுதல் மகசூல் தந்தது.

அப்படியானால் எல்லா நிலத்துக்கும் ஆழமான வேர்தான் நல்லதா? இல்லை. டிஆர்ஓ1-இன் உறவு மரபணு ஒன்றால் வேரை மேலாகப் பரவச் செய்த நெல், உப்புப் படிந்த வயலில் மேம்பட்ட மகசூல் தந்ததை 2020-ல் வெளியான ஜப்பான் ஆய்வு காட்டியது. இராமநாதபுரம், சிவகங்கை மாவட்டங்களின் மானாவாரிப் புழுதி விதைப்புக்குத் தேவையான வேர் வேறு. உவர் ஏறிய கடலோர வயலுக்குத் தேவையான வேர் வேறு. மகசூல் எண்ணை மட்டும் பார்த்து ஒரே ரகத்தை எல்லா இடத்துக்கும் பரிந்துரைப்பது எப்படிச் சரியாகும்?

நல்ல மரபணு இருந்தாலும் மண் இடம் கொடுக்க வேண்டும். வேர் வெளியிடும் எத்திலீன் வாயு, இறுகிய மண்ணில் வெளியேற வழியின்றி வேரைச் சுற்றித் தேங்குகிறது. அதுவே வேரின் நீட்சியை நிறுத்துகிறது என்பது 2021-ல் நெல்லிலும் அராபிடாப்சிஸிலும் நிறுவப்பட்டது. மண் கடினம் என்பதால் மட்டும் வேர் தயங்குவதில்லை. தன் சமிக்ஞையைக் கேட்டே நின்றுவிடுகிறது.

நீங்கள் செய்யக்கூடியது ஒன்று உண்டு. அறுவடை முடிந்ததும் வயலின் மூன்று நான்கு இடங்களில் மண்வெட்டியால் ஓரடிக் குழி வெட்டி, தூரின் பக்கவாட்டைப் பாருங்கள். வேர்கள் ஓர் ஆழத்தில் சட்டென்று பக்கவாட்டில் திரும்பியிருந்தால் அங்கே கடினத்தட்டு இருக்கிறது. புழுதி நெல், பருத்தி, பயறு சாகுபடி செய்யும் நிலமானால், மண் காய்ந்திருக்கும் கோடையில் உளிக்கலப்பையால் அதை உடைக்கலாம். சேற்றுழவு செய்து தண்ணீர் கட்டும் நடவு வயலில் இதைச் செய்தால் நீர்க்கசிவு கூடும்; வேளாண் அலுவலரிடம் கேட்ட பிறகே முடிவெடுங்கள்.

ஆராய்ச்சி நிலையங்களும் செய்ய வேண்டியது உண்டு. ரகம் வெளியிடுமுன் வேரின் ஆழத்தையும் கோணத்தையும் அளந்து, அதைத் துண்டறிக்கையில் ஒரு வரியாவது சேர்க்க வேண்டும். அடுத்த முறை விதை வாங்கும்போதும் வயல் விழாவுக்குப் போகும்போதும் நீங்களே கேளுங்கள்: "இந்த ரகத்தின் வேர் எப்படி?" விவசாயிகள் கேட்கத் தொடங்கினால், அளப்பவர்களும் அளக்கத் தொடங்குவார்கள்.