தைல மரத்தடியில் கிடந்த பருந்துகள்

அமெரிக்காவின் வட கலிஃபோர்னியாவில் கோடையில் கூடு கட்டும் ஸ்வைன்சன் பருந்துகள், குளிர் தொடங்கியதும் தென்னமெரிக்காவுக்குப் பறந்துவிடும். தொண்ணூறுகளின் தொடக்கத்தில் அப்படிப் போனவற்றில் பல திரும்பவில்லை. காரணம் தேடி, 1994-ல் பிரையன் உட்பிரிட்ஜ் என்ற உயிரியலாளரும் சக ஆய்வாளர்களும் சில பருந்துகளின் முதுகில் செயற்கைக்கோள் கருவியைப் பொருத்தினார்கள். அந்தத் தடம் அவர்களை அர்ஜென்டினாவின் லா பம்பா மாகாணத்துக்குக் கொண்டுபோய்ச் சேர்த்தது. அங்கே பருந்துகள் இரவில் அடையும் தைல மரத்தோப்புகளில், மரத்தடியெங்கும் பருந்துகள் செத்துக் கிடந்தன.

சூரியகாந்தியையும் குதிரைமசாலையும் தின்ற வெட்டுக்கிளிகளுக்காக உழவர்கள் மோனோகுரோட்டோபாஸ் என்ற பூச்சிக்கொல்லியைத் தெளித்திருந்தார்கள். அந்த நஞ்சில் நனைந்த வெட்டுக்கிளிகளைப் பருந்துகள் பிடித்துத் தின்றன. நரம்பின் கட்டளையை உரிய நேரத்தில் நிறுத்தும் நொதியை இந்த நஞ்சு முடக்கிவிடும். தசைகள் ஓயாமல் துடிக்கும், பிறகு மூச்சு நின்றுபோகும். 1995-96 பருவத்தில் மட்டும் 5,000-க்கும் மேற்பட்ட உடல்கள் எண்ணப்பட்டன. கண்ணில் படாதவற்றையும் சேர்த்தால் சுமார் 20,000 பருந்துகள் செத்திருக்கும் என்று ஆய்வாளர்கள் மதிப்பிட்டார்கள்.

அந்த ஊர் உழவர்கள் இப்பறவையை வெட்டுக்கிளிப் பருந்து என்று அழைக்கிறார்கள். பூச்சியைத் தின்று பயிரைக் காத்துவந்த கூட்டாளியைத்தான் பூச்சிக்கு வைத்த நஞ்சு கொன்றது.

அதன் பிறகு நடந்ததுதான் முக்கியம். அர்ஜென்டினா அரசு வெட்டுக்கிளிக்கு இந்த நஞ்சைத் தெளிப்பதைத் தடுத்தது. தயாரித்த நிறுவனம் அப்பகுதியில் விற்பனையை நிறுத்திச் சரக்கைத் திரும்பப் பெற்றது. உழவர்களுக்கு மாற்று சொல்லித் தரப்பட்டது. அடுத்த பருவத்திலேயே சாவு மிகச் சில பறவைகளாகக் குறைந்தது. ஆயிரக்கணக்கில் விழுந்துகொண்டிருந்த பறவைகளைக் காப்பாற்ற ஓராண்டு போதுமானதாக இருந்தது.

இந்தியாவில் அதே நஞ்சு எத்தனை ஆண்டு நீடித்தது? காய்கறிகளுக்கு அடிக்கக் கூடாது என்று 2005-ல் உத்தரவு வந்தது. ஆனால் கடையில் பாட்டில் கிடைத்துக்கொண்டே இருந்தது. 2013-ல் பிகாரின் சரண் மாவட்டத்தில் பள்ளி மதிய உணவில் இந்த நஞ்சு கலந்து 23 குழந்தைகள் இறந்தார்கள். அதற்கும் பத்தாண்டு கழித்து, 2023-ல்தான் மத்திய அரசு தடைக்கு உத்தரவிட்டது. அதுவும் இருப்பைத் தீர்க்க அவகாசம் கொடுத்து.

இந்த இடைவெளியில் செத்த பறவைகளுக்குக் கணக்கில்லை. தமிழ்நாட்டில் அந்தச் சாவின் முகம் மயில். 2018 ஆகஸ்டில் மதுரை அருகே நாற்பதுக்கும் மேற்பட்ட மயில்கள் ஒரே இடத்தில் செத்துக் கிடந்தன. முளைவிடும் நிலக்கடலையையும் பழுக்கும் தக்காளியையும் மயில் கொத்திப் போட்டால் சிறு விவசாயிக்கு அது பெரிய அடி. அதை மறுத்துப் பேசுவது நியாயமல்ல. வேலி போடப் பணமில்லை, பகலெல்லாம் காவல் நிற்க ஆளில்லை. கையில் இருப்பது பாதி தீர்ந்த ஒரு பாட்டில். சாயங்காலம் நெல்லில் கலந்து வரப்போரம் தூவினால் விடியும்போது மயில் மட்டும் விழுந்து கிடப்பதில்லை. காட்டுப்புறாவும் கிடக்கும், செத்ததைத் தின்னவந்த காகமும் நாயும் கிடக்கும். சிக்கினால் மயிலைக் கொன்ற குற்றத்துக்கு அந்த விவசாயிதான் சிறைக்குப் போகிறார். பாட்டிலை விற்றவரைத் தேடி யாரும் போவதில்லை.

மோனோகுரோட்டோபாஸைத் தடை செய்ததோடு வேலை முடியவில்லை. கார்போபியூரான் என்ற இன்னொரு பூச்சிக்கொல்லியின் குருணை இன்னும் சட்டப்படியே விற்கிறது. தீனியை அரைக்கப் பறவைகள் மண்ணில் சிறு கற்களைப் பொறுக்கி விழுங்கும்; மண்ணில் கிடக்கும் குருணையும் அவற்றுக்கு அப்படியே தெரியும். சிட்டுக்குருவியளவு பறவைக்கு ஒரே ஒரு குருணை போதும், உயிர் போய்விடும். இந்தக் குருணையால் ஆண்டுக்கு 10 முதல் 20 லட்சம் பறவைகள் சாகலாம் என்று அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை கணக்கிட்டது. தொண்ணூறுகளில் குருணையை அங்கே ஏறக்குறைய முழுவதும் விலக்கினார்கள். 2009-ல் உணவுப் பயிர்களிலிருந்தே கார்போபியூரானை நீக்கினார்கள்.

நம் ஊரில் இந்த நஞ்சுகள் எல்லாவற்றுக்கும் 'மருந்து' என்றே பெயர். "மருந்து அடிச்சாச்சா?" என்றுதான் வரப்பில் கேட்கிறோம். அந்தச் சொல்லே பாட்டிலின் மேல் உள்ள சிவப்பு முக்கோண எச்சரிக்கையை மறைத்துவிடுகிறது.

மத்திய அரசு கார்போபியூரான் குருணையையும் தடைப் பட்டியலில் சேர்க்க வேண்டும். வேளாண் துறை, கடைகளில் மிச்சமிருக்கும் மோனோகுரோட்டோபாஸ் பாட்டில்களைத் தேடிப் பிடிக்க வேண்டும். வீட்டில் வைத்திருக்கும் விவசாயியிடமிருந்து வழக்குப் போடாமல் திரும்பப் பெற வேண்டும். மயில் தின்ற வயலுக்கு அந்தப் பருவம் முடிவதற்குள் இழப்பீடு கைக்கு வர வேண்டும். அர்ஜென்டினா ஓராண்டில் செய்து காட்டியதைச் செய்ய நாம் இன்னும் பத்தாண்டு எடுத்துக்கொள்ளக் கூடாது.