ஆண்களுக்கும் ஹீல்ஸ்... ஆசை இருக்கு, அளவு கிடைக்குமா?

பாரிஸ் நகரின் லூவர் அருங்காட்சியகத்தில் ஒரு ராஜாவின் ஓவியம் இருக்கிறது. பிரான்ஸை ஆண்ட பதினான்காம் லூயியை, 1701-ல் இயாசிந்த் ரிகோ என்ற ஓவியர் வரைந்தது. பட்டு அங்கி, சுருள் சுருளான விக், இடுப்பில் வாள். அங்கியை ஒரு பக்கம் ஒதுக்கி, காலை முன்னால் நீட்டிக் கம்பீரமாக நிற்கிறார் ராஜா. அந்தக் காலில் இருப்பது என்ன தெரியுமா? சிவப்பு நிற ஹீல்ஸ்!

அந்த அரண்மனையில் சிவப்பு ஹீல்ஸ் போடுவதற்குத் தகுதி வேண்டும். ராஜாவின் அவையில் இடம் பிடித்தவர்களுக்கு மட்டுமே அந்த உரிமை. சேற்றில் இறங்கி வேலை செய்ய வேண்டிய அவசியம் இல்லாத மனிதர் என்பதை ஊருக்குச் சொல்லும் அடையாளம் அது.

இன்றோ நிலைமை தலைகீழ். செருப்புக் கடையில் பெண்கள் பிரிவில் விதவிதமான உயரங்களில் ஹீல்ஸ் அடுக்கியிருக்கும். ஆண்கள் பிரிவில் கறுப்பு, பிரவுன், தட்டை. அவ்வளவுதான். ‘கொஞ்சம் ஹீல்ஸ் வெச்சு ஸ்டைலா ஏதாவது இருக்கா?’ என்று கேட்கவே பல இளைஞர்களுக்குக் கூச்சம். அதனால் ராத்திரியில் போனில் தேடி, அளவு சரியாகத் தெரியாமல் ஆர்டர் போடுகிறார்கள். வந்த ஷூ விரலை நெரித்தாலும் யாரிடமும் சொல்வதில்லை. பல நேரங்களில் காலைக் கெடுப்பது ஹீல்ஸ் அல்ல. கேட்காமல் வாங்க வைக்கும் இந்தக் கூச்சம்தான்.

குதிரை மேல் பிறந்த ஃபேஷன்

ஹீல்ஸின் கதை பாரசீகக் குதிரை வீரர்களிடம் தொடங்குகிறது. சேணத்தின் இரண்டு பக்கமும் கால் வைப்பதற்கு ஒரு வளையம் தொங்கும். அதன் பெயர் அங்கவடி. ஓடும் குதிரையில், அந்த அங்கவடியில் எழுந்து நின்றபடி அம்பு விட வேண்டும். தட்டையான காலணி என்றால் கால் வழுக்கிவிடும். குதிகாலில் ஒரு கட்டை இருந்தால், அது வளையத்தில் பிடிமானமாக உட்கார்ந்துகொள்ளும். அழகுக்காக அல்ல, உயிர் பிழைக்க வந்ததுதான் ஹீல்ஸ்.

1599-ல் பாரசீக மன்னர் முதலாம் ஷா அப்பாஸ், ஐரோப்பாவுக்குத் தூதுக்குழு ஒன்றை அனுப்பினார். பாரசீகப் பொருட்கள் மீது ஐரோப்பாவில் மோகம் பரவிய காலம் அது. வீரத்தின் அடையாளமாகத் தெரிந்த ஹீல்ஸை அங்கிருந்த பிரபுக்களும் மாட்டிக்கொண்டார்கள். பெண்கள் ஹீல்ஸுக்கு வந்தது அதற்குப் பிறகு, ஆண்களின் ஃபேஷனைப் பார்த்துத்தான் என்கிறார்கள் காலணி வரலாற்று ஆய்வாளர்கள். கனடாவின் டொராண்டோவில் உள்ள பாட்டா ஷூ மியூசியம், ஆண்களின் ஹீல்ஸ் வரலாற்றுக்காகவே 2015-ல் தனிக் கண்காட்சி நடத்தியது.

18-ம் நூற்றாண்டின் நடுப்பகுதிக்குள் ஐரோப்பிய ஆண்கள் ஹீல்ஸைக் கழற்றிவிட்டார்கள். அலங்காரம் பெண்களுக்கு, எளிமை ஆண்களுக்கு என்று பாகம் பிரிந்தது அப்போதுதான். ஆனாலும் ஹீல்ஸ் ஆண்களை முழுதாக விட்டுப் போகவில்லை. அமெரிக்க கவ்பாய்களின் பூட்ஸில் அதே அங்கவடி காரணத்துக்காகத் தொடர்ந்தது. 1960-களில் பீட்டில்ஸ் இசைக்குழு கியூபன் ஹீல்ஸ் பூட்ஸுடன் மேடை ஏறியது. 1970-களில் டேவிட் போவி, எல்டன் ஜான் போன்ற பாடகர்கள் அதை இன்னும் உயர்த்தினார்கள். பாடகர் பிரின்ஸ் ஹீல்ஸ் போட்டுக்கொண்டே மேடையில் சுழன்று ஆடினார். வீட்டில் பெரியப்பாவின் அந்தக் காலத்து ஆல்பம் இருந்தால் எடுத்துப் புரட்டலாம். பெல்பாட்டத்துக்குக் கீழே கட்டை ஹீல்ஸ் எட்டிப் பார்த்தாலும் ஆச்சர்யமில்லை!

ஒரு போன் கால் சொன்ன பாடம்

இங்கிலாந்தின் நார்த்தாம்ப்டன்ஷர், காலணித் தொழிலுக்குப் பெயர்போன பகுதி. அங்கே ஏர்ல்ஸ் பார்ட்டன் என்ற ஊரில் ஸ்டீவ் பேட்மேன் என்பவரின் குடும்பம், ஆண்களுக்கான ஷூ தொழிற்சாலையை நடத்திவந்தது. 1990-களில் ஆர்டர்கள் குறைந்து, தொழிலாளர்களின் வேலைக்கே ஆபத்து வந்த நேரத்தில் ஒரு போன் கால். ‘பெண்கள் போடும் மாடல் காலணிகளை ஆண்களின் அளவில் செய்து தர முடியுமா?’ என்று கேட்டார் ஒரு கடைக்காரர்.

பேட்மேன் சிரித்துவிட்டு போனை வைக்கவில்லை. செய்து பார்த்தார். பெண் வேடமிட்டு மேடையில் ஆடும் ஆண்களும், ஹீல்ஸ் போட ஆசைப்பட்ட மற்ற ஆண்களும் அவருடைய வாடிக்கையாளர்கள் ஆனார்கள். இந்தக் கதைதான் 2005-ல் ‘கிங்கி பூட்ஸ்’ என்ற படமானது. பிறகு மேடை நாடகமாகி, 2013-ல் சிறந்த இசை நாடகம் உட்பட ஆறு டோனி விருதுகளை அள்ளியது. நிஜத்தில் அந்தத் தொழிற்சாலை பின்னர் மூடப்பட்டது என்பது வருத்தமான செய்தி.

ஆனால், அந்தக் கதையில் வாங்குபவர்களுக்கு ஒரு பாடம் இருக்கிறது. படத்தில், ஓர் ஆணின் எடையைத் தாங்காமல் பெண்களுக்கான ஹீல் உடைந்துபோகும். ஆணுக்கான ஹீல்ஸ் என்பது பெண்ணின் செருப்பைக் கொஞ்சம் நீளமாக்குவது அல்ல. எடை வேறு, பாதத்தின் அகலம் வேறு. அச்சிலிருந்து அடிப்பாகம் வரை எல்லாவற்றையும் புதிதாக யோசிக்க வேண்டும்.

நம்பர் மட்டும் போதாது

இந்தியக் கடைகளில் பெரும்பாலும் யூ.கே. அளவு முறைதான். பெண்களுக்கு பொதுவாக 3 முதல் 8 வரையிலும், ஆண்களுக்கு 6 முதல் 11 வரையிலும் கிடைக்கும். நீளத்தைப் பொறுத்தவரை இந்த நம்பர் இருவருக்கும் ஏறக்குறைய ஒன்றுதான். அதாவது 7-ம் நம்பர் ஷூ போடும் ஓர் ஆணுக்கு, பெண்கள் பிரிவிலும் நீளம் பொருந்தும் காலணி கிடைக்கலாம். 10-ம் நம்பர்காரருக்கு அங்கே வேலை இல்லை. அமெரிக்க அளவு என்றால் கவனம் தேவை. அங்கே ஆண்களின் 8, பெண்களின் கணக்கில் சுமார் ஒன்பதரை.

நீளம் பொருந்தினாலும் அகலம் இடிக்கும். பெண்களுக்கான அச்சு முன்பக்கம் குறுகலானது. சென்னை அடையாறில் இருக்கும் மத்திய தோல் ஆராய்ச்சி நிறுவனம், நாடு முழுக்க ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டவர்களின் பாதங்களை அளந்து, இந்தியர்களுக்கென்று ‘பா’ என்ற புதிய அளவு முறையைப் பரிந்துரைத்திருக்கிறது. வெளிநாட்டவரின் பாதங்களைவிட இந்தியப் பாதங்கள் அகலமானவை என்பது அந்த ஆய்வில் தெரியவந்த விஷயம். வெளிநாட்டு பிராண்டு ஹீல்ஸ் ஏன் கடிக்கிறது என்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

எந்த மாடல் யாருக்கு?

கியூபன் ஹீல்: ஒன்றரை முதல் இரண்டு இன்ச். மேலே அகலமாகத் தொடங்கி, கீழே சற்றுக் குறுகும். கணுக்கால் உயர பூட்ஸில் அதிகம் வரும். ஜீன்ஸ், கோட் சூட் இரண்டுக்கும் பொருந்தும். முதன்முதலாக முயல்பவர்கள் இதில் தொடங்கலாம்.

கவ்பாய் பூட்: உயரம் கிட்டத்தட்ட இதே அளவுதான். குதிகால் உள்நோக்கிச் சாய்ந்திருக்கும். முன்பக்கம் கூர்மையாக இருந்தால் விரல்களுக்கு இடம் இருக்கிறதா என்று பார்த்து வாங்க வேண்டும்.

லத்தீன் நடன ஷூ: ஆண்களுக்கான மாடலில் சுமார் ஒன்றரை இன்ச் ஹீல் இருக்கும். அடிப்பாகம் மென்தோல் என்பதால் மேடைக்கு மட்டும்தான். மழை ரோட்டில் போட்டுக்கொண்டு நடந்தால் வீண்.

பிளாட்பார்ம்: முன்பக்கமும் உயர்ந்திருக்கும். உயரம் அதிகம் தெரியும், சரிவு குறைவு. நான்கு இன்ச் ஹீலுக்கு முன்பக்கம் ஒன்றரை இன்ச் பிளாட்பார்ம் இருந்தால், பாதம் உணரும் சரிவு இரண்டரை இன்ச்தான்.

எலிவேட்டர் ஷூ: வெளியே சாதாரண ஷூ, உள்ளே மறைந்திருக்கும் உயரம். உயரமாகத் தெரிந்தால் போதும் என்பவர்களுக்கு இது. குதிகால் உள்ளே மேலேறி நிற்பதால், நடக்கும்போது கழன்று வருகிறதா என்று கவனிக்க வேண்டும்.

ஸ்டிலெட்டோ: ஊசி போன்ற மெல்லிய ஹீல். ஆண்களின் அளவில் சாதாரணக் கடைகளில் கிடைப்பது அரிது. பெரிய அளவுகளில் மேடைக் கலைஞர்களுக்காகச் செய்பவர்களிடம்தான் வாங்க வேண்டும்.

கடையிலேயே செய்ய வேண்டிய மூன்று சோதனைகள்

ஒன்று, ஷூவை மேஜையில் வைத்து விரலால் லேசாகத் தட்டிப் பார்க்க வேண்டும். ஆடினால் வேண்டாம்.

இரண்டு, இரண்டு கைகளாலும் வளைத்துப் பார்க்க வேண்டும். விரல்களின் அடிப்பகுதியில் மட்டும் வளைய வேண்டும். நடுப்பகுதி வளைந்தால், உள்ளே இருக்க வேண்டிய இரும்புப் பட்டை இல்லை அல்லது பலவீனமாக இருக்கிறது என்று அர்த்தம். உடம்பின் எடையைத் தாங்குவதில் அந்தப் பட்டைக்குப் பெரிய பங்கு உண்டு.

மூன்று, மாலையில் போய் வாங்க வேண்டும். நாள் முழுக்க நின்று, நடந்த பாதம் சற்று வீங்கியிருக்கும். காலையில் கச்சிதமாக இருக்கும் ஷூ, மாலையில் கடிக்கும்.

அளவு கிடைக்காதவர்களுக்கு, சொல்லிச் செய்வதுதான் வழி. ஆம்பூர், வாணியம்பாடி, ராணிப்பேட்டை என ஷூ ஏற்றுமதிக்குப் பெயர்பெற்ற ஊர்கள் தமிழ்நாட்டிலேயே இருக்கின்றன. சென்னை பெரியமேடு, தோல் வியாபாரத்துக்குப் பெயர்போன இடம். ஆர்டர் எடுத்துச் செய்பவர்களை அங்கே விசாரிக்கலாம். நின்றபடி இரண்டு பாதங்களையும் பேப்பரில் வரைந்து, விரல்களின் அடிப்பகுதியைச் சுற்றி டேப்பால் அளந்து கொண்டுபோனால் பேச்சு சுலபமாக முடியும். கூடவே போடப்போகும் பேன்ட்டையும் எடுத்துச் செல்லலாம். இரண்டு இன்ச் ஏறினால், அந்த பேன்ட்டின் நீளம் பற்றாமல் போகலாம்.

கால் சொல்வதைக் கேளுங்கள்

ஹீல் உயர உயர, உடம்பின் எடை குதிகாலிலிருந்து முன்பாதத்துக்கு நகரும். தினமும் பல மணி நேரம் போட்டால் கெண்டைக்கால் தசை இறுகும், கட்டைவிரல் மூட்டு வலிக்கும். ஆணோ பெண்ணோ, கால் பேதம் பார்ப்பதில்லை. முதல் வாரம் வீட்டுக்குள் அரை மணி நேரம் போட்டுப் பழகலாம். சின்னச் சின்ன அடியாக வைத்து, குதிகால் முதலில் தரையைத் தொடுமாறு நடக்க வேண்டும். கழற்றியதும் கெண்டைக்காலை நீட்டி மடக்க வேண்டும். முழங்கால் வலி, அடிக்கடி கணுக்கால் பிசகுபவர்கள், சர்க்கரை நோயால் பாதத்தில் உணர்ச்சி குறைந்தவர்கள் ஆகியோர் டாக்டரிடம் கேட்காமல் இறங்கக் கூடாது.

இதையெல்லாம் ஒருவர் சரியாகச் செய்ய வேண்டுமென்றால், அவர் வெளிப்படையாக வாங்கவும், வெளிப்படையாகப் போட்டுப் பழகவும் முடிய வேண்டும். பீரோவுக்குப் பின்னால் ஒளித்து வைத்த ஷூவை யாரும் வீட்டுக்குள் நடந்து பழக மாட்டார்கள். வலித்தாலும் சொல்ல மாட்டார்கள். ஆகவே மகனோ, தம்பியோ, கணவரோ ஒருநாள் ஹீல்ஸ் வாங்கிக்கொண்டு வந்து நின்றால், ‘இதெல்லாம் எதுக்கு?’ என்று கேட்பதற்கு முன்னால், ‘விரல் இடிக்குதா?’ என்று கேளுங்கள்.