மீனைக் காக்கத் தண்ணீரைக் குளிர வைக்கலாமா?

அணைக்கட்டு என்றதும் நமக்கு நினைவுக்கு வருபவை குடிநீர், மின்சாரம், வெள்ளத்தடுப்பு ஆகிய மூன்றுதான். நான் புவியியல் கற்பிக்கும் வகுப்புகளிலும் மாணவர்கள் இந்த மூன்றையே வரிசையாகச் சொல்வார்கள். அணையின் எந்த ஆழத்திலிருந்து தண்ணீரைத் திறக்கிறோம் என்பது ஓர் உயிரினத்தின் வாழ்வையே முடிவு செய்யக்கூடும் என்றால் வியப்பாகப் பார்ப்பார்கள். அமெரிக்காவின் கொலராடோ ஆற்றில் அண்மைய ஆண்டுகளில் நடந்துவருவது அதற்கு நல்ல எடுத்துக்காட்டு.

அரிசோனா மாநிலத்தில் உள்ள கிளென் கேன்யன் அணையின் உயரம் 216 மீட்டர். 1963இல் அது தண்ணீரைத் தேக்கத் தொடங்கியது. அதன் பின்னால் உள்ள நீர்த்தேக்கம் லேக் பவல். அணைக்குக் கீழே ஆறு புகழ்பெற்ற கிராண்ட் கேன்யன் பள்ளத்தாக்குக்குள் நுழைகிறது. அங்கேதான் 'ஹம்ப்பேக் சப்' எனப்படும் கூன்முதுகு மீன் வாழ்கிறது. கொலராடோ ஆற்றுப் படுகையைத் தவிர உலகில் வேறெங்கும் இது இல்லை.

அணை வந்ததும் இந்த மீனுக்குச் சோதனை தொடங்கியது. நீர்த்தேக்கத்தின் ஆழத்திலிருந்து திறக்கப்பட்ட தண்ணீர் ஆண்டு முழுவதும் குளிர்ச்சியாக இருந்தது. இந்த மீன் முட்டையிடவும் அதன் குஞ்சுகள் வளரவும் வெதுவெதுப்பான நீர் தேவை. 1967இல் இது அழியும் நிலையில் உள்ள இனமாக அறிவிக்கப்பட்டது. அணையிலிருந்து சுமார் 120 கிலோமீட்டர் கீழே கலக்கும் லிட்டில் கொலராடோ என்ற துணையாற்றின் வெதுவெதுப்பான நீரே இதற்கு அடைக்கலம் தந்தது. பல ஆண்டுப் பாதுகாப்புப் பணிக்குப் பிறகு, 2021இல் இதன் நிலை ஒரு படி முன்னேறியதாக அறிவிக்கப்பட்டது.

மகிழ்ச்சி நீடிக்கவில்லை. நீண்ட வறட்சியால் லேக் பவலின் நீர்மட்டம் இறங்கிக்கொண்டே வந்தது. மின்னுற்பத்திக் குழாய்களின் வாய் அணைச்சுவரில் ஒரே உயரத்தில் அமைந்திருக்கிறது. நீர்மட்டம் இறங்கியபோது, மேற்பரப்பில் இருந்த சூடான நீர் அந்த வாயை நெருங்கியது. அந்த நீரோடு, ஏரியில் வாழ்ந்த ஸ்மால்மவுத் பாஸ் என்ற வேட்டை மீன்களும் சுழலிகளைக் கடந்து ஆற்றுக்குள் வந்து சேர்ந்தன. இவை அந்த ஆற்றுக்கு உரியவை அல்ல; தூண்டில் மீன்பிடிப்புக்காகக் கொண்டுவந்து விடப்பட்ட இனம். கூன்முதுகு மீனின் குஞ்சுகளை இவை தின்றுவிடும். 2022இல் அணைக்குக் கீழே இவை இனப்பெருக்கம் செய்வது கண்டறியப்பட்டது. நம் ஆறுகளில் 'இக்கான் பண்டாராயா' பெருகிக் கிடப்பதைப் பார்த்தவர்களுக்கு இந்தக் கவலை எளிதில் புரியும்.

அதற்கு அதிகாரிகள் கண்ட வழி குளிர்நீர். 2024 ஜூலை முதல், மின்னுற்பத்திக் குழாய்களுக்குச் சுமார் 30 மீட்டர் கீழே உள்ள மாற்றுக் குழாய்களின் வழியாகவும் தண்ணீரைத் திறந்தார்கள். ஆற்றுநீரின் வெப்பநிலையை 15.5 டிகிரி செல்சியசுக்குக் கீழே வைப்பதே நோக்கம். அந்தக் குளிரில் பாஸ் மீன் முட்டையிடுவது கடினம். ஒரு காலத்தில் கூன்முதுகு மீனை வாட்டிய அதே குளிர்நீர், இப்போது அதைக் காக்கும் கருவியாக மாறியது. ஆனால் அளவு மிகவும் முக்கியம். மிகவும் குளிர்ந்தால் காக்க நினைத்த மீனின் வளர்ச்சியே குன்றும்.

இதற்கு ஒரு விலையும் உண்டு. மாற்றுக் குழாய் வழியே போகும் நீர் சுழலியைச் சுற்றுவதில்லை. அந்த நீர் வீணாவதில்லை. கீழே உள்ள லேக் மீட் நீர்த்தேக்கத்துக்குப் போய்ச் சேர்ந்துவிடும். இழப்பாவது மின்சாரம். இந்த அணையின் மின்சாரம் ஏழு மாநிலங்களுக்குச் செல்கிறது. அதை வாங்குவோரில் சிற்றூர்களும் பூர்வகுடி மக்களும் அடங்குவர். குறையும் மின்சாரத்தை வெளிச்சந்தையில் கூடுதல் விலை கொடுத்து வாங்கவேண்டும். அது நிலக்கரியிலோ எரிவாயுவிலோ உற்பத்தியானதாகவும் இருக்கலாம். மாற்றுக் குழாய்களும் தேய்மானத்துக்கு உள்ளாகின்றன. 2023இல் ஏற்கெனவே அவற்றில் சேதம் காணப்பட்டது. 2025இல் இந்தக் குளிர்நீர்த் திறப்பு நடைபெறவில்லை.

அப்படியானால் அந்நிய மீன்களைப் பிடித்து அழித்துவிடலாமே என்று கேட்கலாம். முன்பு டிரவுட் மீன்களை அவ்வாறு அகற்றியபோது சூனி பூர்வகுடியினர் எதிர்ப்புத் தெரிவித்தனர். தாங்கள் புனிதமாகக் கருதும் இடத்தில் உயிர்களைக் கொன்று குவிப்பது தகாது என்பது அவர்கள் வாதம். ஆக, எந்த வழியை எடுத்தாலும் யாரோ ஒருவர் விலை கொடுக்கிறார்.

என் கருத்து இதுதான். மின்சாரத்துக்கு மாற்று உண்டு. அழிந்த இனத்துக்கு மாற்று இல்லை. ஆகவே தேவைப்படும் மாதங்களில் குளிர்நீரைத் திறப்பது நியாயமே. அதே வேளையில், அதன் செலவை அணைக்கு அருகில் வாழும் எளிய மக்களின் மின்கட்டணத்தில் ஏற்றுவது நியாயமல்ல. கிராண்ட் கேன்யன் நாட்டுக்கே பொதுச் சொத்து என்றால், செலவையும் நாடே பகிர்ந்துகொள்ள வேண்டும்.

நம் நாட்டிலும் கென்யிர், தெமெங்கோர் போன்ற பெரிய அணைகள் உள்ளன. துந்தோங் எனப்படும் ஆற்று ஆமைகள் மணல் திட்டுகளில்தான் முட்டையிடுகின்றன. முட்டைக் காலத்தில் நீர்மட்டம் திடீரென உயர்ந்தால் ஒரு தலைமுறையே மூழ்கிப்போகும். மாணவர்களே, அணைகளைப் பற்றி இனி கட்டுரை எழுதும்போது எத்தனை மெகாவாட் என்பதோடு நிறுத்திவிடாதீர்கள். எந்த மாதத்தில், எந்த ஆழத்திலிருந்து, எவ்வளவு நீர் திறக்கப்படுகிறது, அந்த நேரத்தில் ஆற்றில் எந்த உயிர் முட்டையிடுகிறது என்றும் கேளுங்கள். பொறியியல் படிக்கப்போகிறவர்களுக்கும் உயிரியல் படிக்கப்போகிறவர்களுக்கும் இது பொதுவான கேள்வி.