அப்பா, அம்மாவுக்கு 'பிரெயின் கேம்' ஆப் வாங்கித் தரலாமா? ஆய்வுகள் சொல்வது என்ன?

இந்தியாவில் 60 வயதைத் தாண்டியவர்களில் 7.4 சதவீதம் பேருக்கு டிமென்ஷியா இருக்கலாம் என்கிறது 2023-ல் வெளியான லாசி-டாட் ஆய்வு. எண்ணிக்கையில் சுமார் 88 லட்சம் பேர். ஊரில் இருக்கும் அப்பா நேற்று சொன்னதையே இன்றும் சொன்னால் நமக்குப் பக்கென்று இருக்கும். அந்த நேரம் பார்த்து போனில் ஒரு விளம்பரம்: 'தினமும் 15 நிமிஷம் விளையாடுங்க, மூளை இளமையாகும்.' சந்தா கட்டலாமா?

கேம் விளையாடினால் மூளை மாறுமா?

மாறும். அதற்கு ஆதாரம் இருக்கு. கலிபோர்னியாவில் ஆடம் கஸாலியின் குழு 'நியூரோரேசர்' என்ற கேமை உருவாக்கியது. வளைந்து நெளிந்த சாலையில் கார் ஓட்டிக்கொண்டே, குறிப்பிட்ட சிக்னல் வந்தால் மட்டும் பட்டனை அழுத்த வேண்டும். 60 முதல் 85 வயதுக்காரர்கள் ஒரு மாதத்தில் 12 மணி நேரம் விளையாடினார்கள். முடிவில், அந்தக் கேமைப் பழகாத 20 வயது இளைஞர்களை விட அதிக ஸ்கோர் எடுத்தார்கள். ஆறு மாதம் கழித்தும் அந்தத் திறன் குறையவில்லை. 2013-ல் 'நேச்சர்' இதழ் இதை அட்டைப்படக் கட்டுரையாகப் போட்டது. ஆனா, பங்கேற்றவர்கள் சில டஜன் பேர்தான்.

டிமென்ஷியாவைத் தடுக்குமா?

இங்கேதான் சிக்கல். இந்தத் துறையில் பெரிய சோதனை அமெரிக்காவின் 'ஆக்டிவ்'. 65 வயதைத் தாண்டிய சுமார் 2,800 பேரை நான்கு குழுக்களாகப் பிரித்தார்கள். ஒன்றுக்கு நினைவாற்றல் பயிற்சி, ஒன்றுக்குத் தர்க்கப் பயிற்சி, ஒன்றுக்குக் கம்ப்யூட்டரில் வேகப் பயிற்சி. நான்காவது குழுவுக்கு எதுவும் கிடையாது. வேகப் பயிற்சியில், திரையின் நடுவில் என்ன வாகனம், ஓரத்தில் எந்த இடத்தில் இன்னொன்று மின்னி மறைந்தது என்று கண்ணிமைக்கும் நேரத்தில் சொல்ல வேண்டும்.

பத்து ஆண்டுத் தரவை வைத்து 2017-ல் வந்த முடிவு: வேகப் பயிற்சி எடுத்தவர்களுக்கு டிமென்ஷியா ஆபத்து 29 சதவீதம் குறைவு. தலைப்புச் செய்தியானது இந்த எண்தான். அதன் கான்ஃபிடன்ஸ் இன்டர்வெல்லையும் பாருங்க: 0.50 முதல் 0.998 வரை. 1 என்றால் பலனே இல்லை என்று அர்த்தம். அதாவது ஆபத்து பாதியாகவும் குறைந்திருக்கலாம், கிட்டத்தட்ட குறையாமலும் இருந்திருக்கலாம். மற்ற இரண்டு பயிற்சிகளிலும் உறுதியான பலன் தெரியவில்லை. ஆக, நம்பிக்கை தரும் முடிவு. ஆனா விளம்பரத்தில் சத்தியம் பண்ணும் அளவுக்குப் போதாது.

அப்போ ஆப் கம்பெனிகள் சொல்வது?

எந்தக் கேமை விளையாடுகிறோமோ அதில் கெட்டிக்காரர் ஆவோம். அந்தத் திறமை மருந்து வேளையை நினைவில் வைக்கவும் வங்கிக் கணக்கைப் பார்க்கவும் உதவுமா என்பதுதான் கேள்வி. 2016-ல் டேனியல் சைமன்ஸும் சகாக்களும் இருக்கிற ஆய்வுகளைத் திரட்டி அலசினார்கள். அன்றாட வாழ்க்கைக்குப் பலன் போய்ச் சேர்ந்ததற்கான ஆதாரம் மிகக் குறைவு என்றார்கள். அதே ஆண்டு, முதுமை மறதியைத் தள்ளிப்போடும் என்ற தொனியில் விளம்பரம் செய்த 'லூமோசிட்டி' நிறுவனம், ஆதாரம் இல்லாமல் ஏமாற்றியதாக அமெரிக்க வர்த்தக ஆணையம் தொடுத்த வழக்கில் 20 லட்சம் டாலர் கட்டி சமரசம் செய்துகொண்டது.

காசை எங்கே போடுவது?

2024-ல் லான்செட் ஆணையம் 14 ஆபத்துக் காரணிகளைப் பட்டியலிட்டது. அவற்றைச் சரிசெய்தால் உலகில் சுமார் 45 சதவீத டிமென்ஷியாவைத் தடுக்கவோ தள்ளிப்போடவோ முடியலாம். பட்டியலில் அதிகப் பங்கு, தலா 7 சதவீதம், காது கேட்காமல் போவதற்கும் எல்டிஎல் கொழுப்புக்கும். ரத்த அழுத்தம், சர்க்கரை, பார்வைக் குறைவு, தனிமை எல்லாமே பட்டியலில் உண்டு.

அதனால் வரிசை இப்படி இருக்கட்டும்: முதலில் காது, கண், பிபி, சுகர், கொழுப்பு டெஸ்ட். 'எனக்கு நல்லாத்தான் கேக்குது' என்று அப்பா சொன்னாலும் ஒருமுறை காது டெஸ்டுக்கு அழைத்துப் போங்கள். அடுத்து, தினமும் நடை, பேச்சுத்துணை. அதற்குப் பிறகு கேம். அவருக்குப் பிடித்திருந்தால் இலவச கேமே போதும். நீங்களும் சேர்ந்து ஆடினால் தனிமையும் கொஞ்சம் குறையும். பெயர்கள் அடிக்கடி மறக்கிறது, தெரிந்த வழி தவறுகிறது என்றால் ஆப் டவுன்லோடு பண்ணிக் காத்திருக்க வேண்டாம். நரம்பியல் மருத்துவரைப் பாருங்கள்.